28 மெகாபாஸ்கலுக்கு ஆன 14 மாதம்

முதல் சோதனை முடிந்து அழுத்தக் கலனின் மூடியைத் திறந்தபோது, உள்ளே போட்டிருந்த ஆறு பிளாஸ்டிக் பிப்பெட்டுகளும் (நுண்ணுயிரியை ஊடகத்தோடு அடைத்து ஒட்டிய, குமிழ் உள்ள சொட்டுக்குழாய்கள்) சப்பிப் போட்ட மாங்கொட்டை போல ஒட்டிப்போய்க் கிடந்தன. இரண்டில் ஒட்டிய விளிம்பு பிரிந்து, வளர்ப்பு ஊடகம் கலனின் தண்ணீரோடு கலந்துவிட்டிருந்தது. நான்கு நாள் காத்திருந்து திறந்த கலன் அது. இரவு ஒன்பது மணி, ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. குளிர்ந்த எஃகைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் துறையில் ஆழ்கடல் நுண்ணுயிரிகளை அழுத்தத்தில் வளர்த்தவர் எனக்கு முன் ஒருவரும் இல்லை. என் வழிகாட்டி கடல் நுண்ணுயிரியலில் பெரிய அனுபவசாலி. ஆனால் இந்த முறை அவருக்கும் புதிது. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், செய்முறைப் பகுதியில் ஒரே ஒரு வரி இருக்கும்: மூடி ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் குமிழ்களில், 15 டிகிரியில், 28 மெகாபாஸ்கலில் (கடலில் ஏறக்குறைய 2800 மீட்டர் ஆழத்து அழுத்தம்) வளர்த்தோம் என்று. அந்த ஒரு வரியைச் செய்து முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. ஆய்வு நிதியில் ஏறக்குறைய 1,90,000 ரூபாயும், என் உதவித்தொகையிலிருந்து 22,000 ரூபாயும் போயின. ஆழ்கடலுக்கு ஆட்களை அனுப்பும் இந்தியாவின் சமுத்ரயான் திட்டம் 6000 மீட்டர் ஆழத்தைப் பேச்சுப்பொருளாக்கிய பிறகு இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர், ஓர் இரவு, இப்படித் தனியாக உட்கார நேரிட்டால் அவருக்காக இதை எழுதுகிறேன்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1000 மீட்டரில் சுமார் 10 மெகாபாஸ்கல். மரியானா அகழியின் அடித்தட்டில் சுமார் 110. என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஆல்வின் கதைதான். 1968 அக்டோபரில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்வின் என்ற நீர்மூழ்கி, உள்ளிருந்தவர்கள் தப்பிவிட, சுமார் 1540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. பத்து மாதம் கழித்து மேலே கொண்டுவந்தபோது, உள்ளே இருந்த சாண்ட்விச்சும் ஆப்பிளும் சூப்பும் கெடாமல் இருந்தன. நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானாஷும் உடன் பணிபுரிந்தவர்களும் 1971-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. மேலே வந்த உணவைக் கடலடியில் இருந்த அதே அளவு குளிரில், குளிர்பெட்டியில் வைத்தார்கள். அங்கே அது விரைவில் கெட்டுப்போனது. குளிர் மாறவில்லை, மாறியது சூழல்தான் என்பதை அந்தக் குளிர்பெட்டிதான் காட்டியது. இதை நான் முதுகலை படிக்கும்போதே படித்துவிட்டேன். படித்தும் என் சோதனையில் அந்தக் குளிர்பெட்டியை, அதாவது அழுத்தம் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் ஒப்பீட்டை, வைக்க மறந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்த உயிரி போட்டோபாக்டீரியம் புரோஃபண்டம் எஸ்எஸ்9. சுலு கடலில் 2500 மீட்டர் ஆழத்தில் பிடித்த ஓர் ஆம்பிபாடிலிருந்து (இறால் போன்ற சிற்றுயிர்) பிரித்தெடுத்தது. அதற்கு மிகவும் உகந்தது 15 டிகிரியும் 28 மெகாபாஸ்கலும். ஆனால் சாதாரணக் காற்றழுத்தத்திலும் வளரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. அரிஸ்டிடிஸ் யாயனோஸ் குழுவினர் 1981-இல் அறிவித்த எம்டி-41 போன்ற உயிரியை முதலில் எடுக்காதீர்கள். மரியானா அகழியில் 10,476 மீட்டரில் கிடைத்த அந்தப் பாக்டீரியா, சுமார் 35 மெகாபாஸ்கலுக்குக் கீழே வளரவே வளராது. சாதாரண அழுத்தத்தில் விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். கைப்பழக்கம் வருவதற்குள் எல்லாம் செத்துப்போகும்.

கலன் செய்த கதைக்கு வருகிறேன். வெளிநாட்டில் வாங்கப் பணம் இல்லை. உயர் அழுத்த வேலை தெரிந்த ஒரு லேத் பட்டறையில் 316 ரக துருப்பிடிக்காத எஃகில், அரை லிட்டர் கொள்ளளவில் ஒரு கலன் செய்யக் கொடுத்தோம். கைப்பம்பு, வால்வு, அழுத்தமானி எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய். கலனும் 316, திருகு மூடியும் 316. ஒரே எஃகால் ஆன இரண்டு மரைகள் பாரம் தாங்கி உரசினால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. நான்காவது முறை மூடியபோது பாதித் திருகில் நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மூடியை அறுத்தெடுத்து, மரையை மறுபடி கடைந்து, புது மூடி போட 38,000 ரூபாயும் ஐந்து வாரமும் ஆயின. மூடியை அலுமினிய வெண்கலம் போன்ற வேறு உலோகத்தில் செய்யச் சொல்லியிருந்தால், இல்லையென்றால் மரையில் நிக்கல் கலந்த பசையை ஒவ்வொரு முறையும் தடவியிருந்தால் இது நடந்திருக்காது. வரைபடம் கொடுக்கும் அன்றே இதைக் கேளுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் தண்ணீர் நிரப்பிச் சோதித்த சான்றிதழ் இல்லாமல் கலனை வாங்கவும் கூடாது.

அதைவிடப் பெரிய தவறு, ஒரே பெரிய கலனாகச் செய்தது. வளர்ச்சிக் கோடு வரைய எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி வேண்டும். ஒரு பிப்பெட்டை வெளியே எடுக்க அழுத்தத்தை முழுவதும் இறக்க வேண்டும். மீதி ஐந்தும் அந்த அதிர்ச்சியைப் பட்டுவிட்டு மறுபடி அழுத்தத்துக்குப் போகும். எஸ்எஸ்9 அதைத் தாங்கினாலும், நீங்கள் வரைவது அழுத்தத்தில் வளர்ந்த உயிரியின் கோடா, ஏறி இறங்கிய உயிரியின் கோடா என்று சொல்ல முடியாது. அதே பணத்தில் கையளவுச் சிறு கலன்கள் நான்கு செய்திருக்கலாம். ஒரு நேரத்துக்கு ஒரு கலன். திறந்தால் திறந்ததுதான், திரும்ப மூடுவதில்லை. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கலனை நிரப்புவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். தண்ணீர் விளிம்பு தாண்டி வழியும்வரை ஊற்றி, கலனைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழ்களை மேலே வரவிட்டுத்தான் மூட வேண்டும். தண்ணீர் 28 மெகாபாஸ்கலில் ஒன்றேகால் விழுக்காடுதான் சுருங்கும். அரை லிட்டர் கலனுக்குள் பம்பு தள்ள வேண்டியது ஆறேழு மில்லி மட்டுமே. உங்கள் பம்பு ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளும் என்று அளந்து வைத்துக்கொண்டு அடிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை மிகுந்துகொண்டே போகிறதென்றால் உள்ளே காற்று இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். அழுத்தப்பட்ட தண்ணீரில் தேங்கும் ஆற்றல் கொஞ்சம்தான். அழுத்தப்பட்ட காற்று உள்ளே இருந்தால் அந்தக் கலன் வெடிகுண்டுக்குச் சமம். மூடிக்கு நேராக ஒருபோதும் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

ஒருநாள் குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதோ என்று விரலால் தடவிப் பார்க்கப் போனேன். எங்கள் கருவிக்கூடத்து அண்ணன் அறையின் மறுமுனையிலிருந்து, "கையை எடு அம்மா!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஊசித்துளை வழியே அந்த அழுத்தத்தில் வரும் நீர் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும் அளவுக்குப் போகலாம் என்று பிறகு உட்காரவைத்துச் சொன்னார். கசிவைப் பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். அன்று அவர் அங்கே இருந்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த மூன்று வாரம் இல்லாத ஒரு கசிவைத் தேடியதில் போயிற்று. மாலையில் 28-இல் பூட்டி 15 டிகிரி அறையில் வைப்பேன். காலையில் முள் 23-இல் நிற்கும். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினேன். சிலிக்கோன் கிரீஸ் மாற்றினேன். வால்வைக் கழற்றிப் பொருத்தினேன். ஐந்து ஓ-ரிங் மாற்றியும் ஒவ்வொரு காலையும் அதே 23. ஒருநாள் அலுப்பில் கலனைக் குளிர் அறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது முள் 26-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நான் பூட்டியது 28 டிகிரி வெயில் கால அறையில். குளிர்ந்ததும் உள்ளே இருந்த தண்ணீர் எஃகைவிட அதிகம் சுருங்கியது, அழுத்தம் இறங்கியது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபமா மகிழ்ச்சியா என்று பிரிக்கத் தெரியவில்லை. கலன், தண்ணீர், ஊடகம் எல்லாவற்றையும் முதல் நாளே குளிர் அறையில் வைத்து, அங்கேயே நின்று பம்பு அடியுங்கள். கனத்த எஃகு குளிரச் சில மணி நேரம் ஆகும் என்பதால் ஒருமணி நேரம் போதாது. உண்மையான கசிவு நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். குளிரால் வந்த இறக்கம் ஓர் இடத்தில் நின்றுவிடும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரம் என்னிடம் இருந்திருக்கும்.

பிப்பெட்டுகள் நசுங்கிய காரணம் எளியது. ஈரம் இருந்தால் பாலிஎத்திலீன் ஒட்டாது என்று பயந்து, கழுத்தில் கொஞ்சம் காற்று விட்டு ஒட்டினேன். 28 மெகாபாஸ்கலில் அந்தக் காற்று ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கி ஊடகத்தில் கரைந்தது. அழுத்தத்தை இறக்கியபோது பொங்கி வெளியே வந்து ஒட்டிய இடத்தைப் பிளந்தது. பிளக்காத பிப்பெட்டுகளிலும் சிக்கல் இருந்தது, ஏனென்றால் கரைந்த ஆக்சிஜன் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. பாரிமுனையில் மிக்சர் பாக்கெட் ஒட்டும் கைக்கருவி ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கிப் பழகினேன். ஊடகம் கழுத்துவரை நிறைந்திருக்கும்போதே கழுத்தைத் தட்டையாக நெருக்கி, வழக்கத்தைவிட இரண்டு விநாடி கூடுதலாகப் பிடித்து, பக்கத்திலேயே இன்னொரு கோடும் போட்டால் நன்றாக ஒட்டுகிறது. பிப்பெட்டின் குமிழுக்கும் ஒட்டும் இடத்துக்கும் நடுவே நீளம் விடுங்கள். சூடு உயிரியைத் தொடக் கூடாது. கலனில் ஊற்றும் தண்ணீரில் நீல வண்ணம் கலந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உள்ளே நீலம் ஏறிய பிப்பெட் கசிந்தது என்று அர்த்தம். முதல் தடவை பத்தில் நான்கு நீலமாக வந்தன. இருநூறு பிப்பெட் ஒட்டிய பிறகுதான் பத்தும் தெளிவாக வந்தன.

இனி, அந்தக் குளிர்பெட்டி. கை பழகியபின் எட்டு மாதம் ஒழுங்காகச் சோதனை செய்தேன். ஒவ்வொரு முறையும் சாதாரண அழுத்தத்தில் இருந்த எஸ்எஸ்9, 28 மெகாபாஸ்கலில் இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வளர்ந்தது. உலகமே அழுத்தத்தை விரும்பும் உயிரி என்று சொல்லும் ஒன்று என் கையில் மட்டும் நேர்மாறாக நடந்தது. உயிரியில் கலப்படம் என்று நினைத்தேன். மரபணு வரிசை பார்க்க அனுப்பினேன். அது எஸ்எஸ்9 தான். அழுத்தமானி பொய் சொல்கிறது என்று நினைத்து அளவொப்பீட்டுக்கு அனுப்பினேன்; அதுவும் சரி. வழிகாட்டியிடம் தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வந்து, "உன் ஒப்பீட்டு மாதிரி எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டு" என்றார். கூட்டிப்போய்க் காட்டினேன். பஞ்சடைத்த கண்ணாடிக் குடுவைகள், குலுக்கும் கருவியில், காற்றோட்டமாக ஆடிக்கொண்டிருந்தன. அழுத்த மாதிரிகளோ காற்றே இல்லாமல் பிளாஸ்டிக்குக்குள் அசையாமல் கிடந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. எட்டு மாதமாக நான் ஒப்பிட்டது ஆக்சிஜன் உள்ள உயிரியையும் இல்லாத உயிரியையும். அழுத்தம் அதில் ஒரு மூலையில் எங்கோ இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடப் பேசவில்லை. அந்த எட்டு மாதக் குறிப்பேடுகளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு எண்கூட ஆய்வேட்டில் போகாது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரே குடுவையில் கலந்த ஊடகத்தையும் உயிரியையும், ஒரே நேரத்தில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பிப்பெட்டுகளில் ஒட்டுங்கள். பாதியை அழுத்தக் கலனில் போடுங்கள். மீதியைப் பம்பு அடிக்காத, தண்ணீர் நிரப்பிய இன்னொரு பாத்திரத்தில், அதே அறையில், பக்கத்திலேயே வையுங்கள். குலுக்காதீர்கள். முடிந்தால் சான் டியாகோ வளைகுடாவின் ஆழமில்லாத நீரில் கிடைத்த 3டிசிகே என்ற அதே இனத்து வகையையும் கூடவே வளருங்கள். அழுத்தத்துக்குப் பழகாத அந்த உடன்பிறப்பு, முறை சரியாக இருந்தால் எஸ்எஸ்9-க்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். உயிரிக்குக் கட்டாயம் ஆக்சிஜன் தேவையென்றால், ஆக்சிஜனைக் கரைத்துவைத்த ஃப்ளூரோகார்பன் திரவத்தை ஊடகத்தோடு சேர்த்து அடைக்கும் வழி உண்டு. எஸ்எஸ்9 ஆக்சிஜன் இல்லாமல் நொதித்தும் வாழும் என்பதால் 2216 எனப்படும் கடல் ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்த்தாலே போதும்.

குளுக்கோஸ் சேர்த்தால் அமிலம் வரும். அதைத் தாங்கும் தாங்கல் கரைசலும் வேண்டும். அலமாரியில் கைக்குக் கிடைத்த பாஸ்பேட்டைப் போட்டேன். முதலில் கடல் உப்போடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. தெரியாதது வேறு: அழுத்தம் கூடும்போது பாஸ்பேட் கரைசல் தானாகவே அமிலப் பக்கம் சாயும், அமிலத்தன்மையின் அளவான பி.எச். 100 மெகாபாஸ்கலுக்குச் சுமார் 0.4 குறையும். அழுத்தத்தை இறக்கி வெளியே எடுத்து அளந்தால் பழைய எண்ணே காட்டும். நடந்தது தெரியவே தெரியாது. ஹெப்பஸ், டிரிஸ் போன்ற வேறு தாங்கல் பொருள்கள் அழுத்தத்தில் அவ்வளவாக அசைவதில்லை. டிரிஸ் வெப்பநிலைக்கு நன்றாகவே மாறும் என்பதால், அதன் பி.எச். அளவைக் குளிர் அறையிலேயே சரிசெய்ய வேண்டும். நான் ஹெப்பஸுக்கு மாறினேன். 

ஒப்பீட்டைத் திருத்திய பிறகு வந்த மூன்று சோதனைகளிலும் 28 மெகாபாஸ்கல் பக்கம் வளர்ச்சி கூடுதலாக இருந்தது. வேறுபாடு பெரிதில்லை, ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு ஏமாந்திருந்தேன். அப்போதுதான் எஸ்எஸ்9-க்குள்ளேயே ஓர் அழுத்தமானி இருப்பது நினைவுக்கு வந்தது. அதன் வெளிச்சவ்வில் உயர் அழுத்தத்தில் ஓம்ப்-எச் என்ற புரதம் மிகும். சாதாரண அழுத்தத்தில் ஓம்ப்-எல் மிகும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் டக்ளஸ் பார்ட்லெட் குழுவினர் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய செய்தி இது. கலனைத் திறந்த சில நிமிடத்திலேயே செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, சவ்வைப் பிரித்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். தாமதிக்கக் கூடாது, அழுத்தம் இறங்கிய கணத்திலிருந்து உயிரி புதிய நிலைக்கு மாறத் தொடங்கிவிடும். ஆர்என்ஏ எடுப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும்.

சாயம் கழுவக் கழுவப் பட்டைகள் எழுந்தன. ஒப்பீட்டு மாதிரியின் வரிசையில் ஓர் இடத்தில், 28 மெகாபாஸ்கல் வரிசையில் அதற்குச் சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில். கருவிக்கூடத்து அண்ணனைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஜெல்லை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதற்காகவா அந்த மூடியை அறுத்தோம்?" என்று கேட்டார். ஆமாம் அண்ணா என்றேன்.

இப்போது நான்கு சிறு கலன்களும் 15 டிகிரி அறையில் வரிசையாக இருக்கின்றன, மூடிகள் வெண்கலத்தில். முதல் கலனை நாளைக் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். வெண்கல மூடியின் மரை அளவும் வரைபடமும் என்னிடம் இருக்கின்றன. கலன் செய்யப் போகிறவர் யார் கேட்டாலும் தருகிறேன்.